கோவையின் பழைய மில்கள்: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒன்று

சிங்காநல்லூரான்:
கோவையின் பஞ்சு மில்கள் எப்படி மூடின என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை. அப்பா ஒரு மில்லில் ஃபிட்டர். மூடி ரொம்ப காலம் கழித்து ஒருநாள் உக்கடம் பக்கம் வண்டியில் வந்துகொண்டிருந்தோம். பழைய இரும்புக் கடை வாசலில் ஒரு ரிங் ஃப்ரேமை, அதாவது நூல் நூற்கும் மெஷினை, துண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். "நிறுத்து" என்றார். இறங்கிப் போய் வார்ப்பிரும்பின் மேலிருந்த துருவை நகத்தால் சுரண்டினார். பிளாட் பிரதர்ஸ், ஓல்டாம் என்ற எழுத்து தெரிந்தது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த மெஷின். கேஸ் கட்டர் பிடித்திருந்த பையன் தீயை அணைத்துவிட்டு, "அந்தப் பேர் இருக்கிற துண்டை மட்டும் வெட்டித் தரட்டுங்களா? காசு வேண்டாங்க" என்றான். அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். "வேண்டாம் கண்ணு, எடைக்கே போகட்டும்" என்று சொல்லிவிட்டு வந்து ஏறிக்கொண்டார். வீட்டில் ஒரு பழைய நட்டைக்கூடத் தூக்கிப் போடாத மனிதர். ஏன் வேண்டாம் என்றார் என்று இன்னும் கேட்கத் துணிவு வரவில்லை. நீலகிரியில் இருக்கும் பைக்காரா நீர்மின் நிலையத்து கரண்ட் வந்துதான் கோயமுத்தூருக்கு மில்லே வந்தது என்பார். அந்தக் காலத்து ஃப்ரேமாக இருக்கும்.

காட்டூர்வாசி:
தம்பி, அப்பா சொன்னதில் பாதிதான் சரி. ஸ்டேன்ஸ் மில் என்று நாம் சொல்லும் கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில் 1888-ல் வந்தது. அப்போது ஏது கரண்ட்? நீராவிதான். லட்சுமி மில் 1910. இரண்டுமே பைக்காராவுக்கு முந்தியவை. சுற்றிலும் பருத்திக் காடு, கிணற்றுப் பாசனத்தில் விளைந்த கம்போடியா பருத்தி, அதை அரைத்த ஜின்னிங் ஃபேக்டரிகள், பணம் போடத் துணிந்த விவசாயக் குடும்பங்கள் எல்லாம் ஏற்கெனவே இங்கே இருந்தன. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் மளமளவென்று பெருகின என்று சொன்னால் ஒத்துக்கொள்வேன். மில் முதலாளிகளின் சங்கமான சைமா 1933-ல் தொடங்கியதும் அந்த வேகத்தில்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மில் மெஷினைப் பழுது பார்த்துப் பழகிய கைகள்தான் இந்த ஊரில் மோட்டாரும் பம்ப்செட்டும் செய்தன. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் மோட்டார் செய்தார்கள். 1962-ல் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் நூற்பு மெஷினையே இங்கே செய்தது. ஓல்டாம் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிடக் கூடாது.

என் அனுபவம் சின்னதுதான். போன மாதம் பஸ்ஸில் கண்டக்டர் ஒரு மில் பெயரைச் சொல்லி ஸ்டாப் அறிவித்தார். பக்கத்தில் இருந்த காலேஜ் பையன், "மில் எங்கீங்க இருக்குது?" என்று ஜன்னலில் எட்டிப் பார்த்தான். கை காட்ட ஒரு சுவர்கூட இல்லை.

பீளமேட்டு மருமகள்:
அண்ணா, மெஷின் கதை போதுங்க. என் அம்மிச்சி, அம்மாவின் அம்மா, மில்லில் நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங்கில் வேலை பார்த்தவர். அந்தச் சத்தத்தில் காது போய்விட்டது, வீட்டில் கத்திக் கத்தித்தான் பேசுவோம். அன்னூரில் ஒரு கல்யாணம். பேண்டு வாத்தியம் காதைப் பிளக்கிறது. சட்டென்று அம்மிச்சி கையை உயர்த்தி விரலை ஆட்டினார். மண்டபத்தின் அந்தக் கோடியில் இன்னொரு பாட்டி. இருவரும் உதட்டை அசைத்து, விரலைக் காட்டி, கால் மணி நேரம் பேசினார்கள். அந்தப் பாட்டி ஒருமுறை நெற்றியைத் தொட்டுக் காட்டினார், அம்மிச்சி அழுதார். பிறகு கேட்டால், "அவ வூட்டுக்காரரு போயிட்டாராமா, ஆடியிலயே" என்றார். மில்லில் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்களாம். அத்தனை வருஷம் நாங்கள் அவர் காதில் கத்திக்கொண்டே இருந்தோம். முகத்துக்கு நேராக நின்று உதட்டைக் காட்டிப் பேசலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அதுதான் உறுத்துகிறது.

சூலூர் ராசு:
காட்டூர்வாசி ஐயா, முதலாளிகள் பட்டியல் நன்றாக இருக்கிறது. சின்னியம்பாளையம் தியாகிகள் எங்கே? ரங்கவிலாஸ் மில் தொழிலாளிகள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன், நான்கு பேரையும் 1946 ஜனவரி 8 அன்று கோவை ஜெயிலில் ஒரே நாளில் தூக்கில் போட்டார்கள். அதைச் சொல்லாமல் கோவை மில் வரலாறு ஏது? சின்னப் பையனாக இருந்தபோது அப்பாருடன், அதாவது தாத்தாவுடன், அவர்கள் நினைவிடத்துக்குப் போனேன். அங்கே ஒரு கிழவி யாரோடும் பேசவில்லை, நான்கு பேர் பெயரையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். யார் என்று கேட்டதற்கு அப்பாரு, "கம்முனு வா" என்றார். அவ்வளவுதான்.

ஓய்வூதியன்:
சிங்காநல்லூரான் தம்பிக்கு ஒன்று. அப்பாவுக்கு பி.எஃப். பென்ஷன் வருகிறதா? 1995 நவம்பர் 16-ல் வந்த திட்டம் அது. 10 வருஷ சர்வீஸ் இருந்தால் 58 வயதில் உரிமை உண்டு. பென்ஷன் கேட்டு 10-டி படிவம் போட வேண்டும். ஏற்கெனவே வாங்குபவர் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை உயிர்ச் சான்று கொடுக்க மறக்கக் கூடாது, நின்றுவிடும். அப்பாவுக்குப் பிறகு அம்மாவுக்கும் வரும், அதனால் இருவர் பெயரும் ஆதாரிலும் பாஸ்புக்கிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். அப்பா பழனிச்சாமி, மில் ரெக்கார்டில் பழனியப்பன் என்று இருந்தால் அலைய வைத்துவிடுவார்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு ஆபீசில் என் முன்னால் நின்ற பெரியவருக்கு அதுதான் நடந்தது. பெயர் பொருந்தவில்லை என்று காகிதத்தைத் திருப்பித் தள்ளினார்கள். அவர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு, "பதினாலு, பதினஞ்சாம் நம்பர் ஃப்ரேம் நாந்தானுங்க பார்த்தேன், சாட்சிக்கு ஆள் கூட்டியாரட்டுங்களா" என்று கேட்டார். ஃப்ரேம் நம்பரை எழுதிக்கொள்ள அந்தப் படிவத்தில் இடமில்லை. அதனால் அப்பாவின் பழைய சர்வீஸ் கார்டு, சம்பளச் சீட்டு, டோக்கன், எது கிடைத்தாலும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் தம்பி.