9ஃப்ரன்டில் தமிழ்: கொம்பு இடம் மாறி நிற்கிறது, வழி உண்டா?

கேள்வி

வணக்கம். சில மாதங்களாக 9ஃப்ரன்டை மெய்நிகர் கணினியில் நிறுவிப் பழகி வருகிறேன். பெல் ஆய்வகத்தில் பிறந்த பிளான் 9 இயங்குதளத்திலிருந்து 2011இல் கிளைத்து, இன்றுவரை ஆர்வலர்களின் உழைப்பால் வளர்ந்து வருவது அது என்பதை இங்குள்ளோர் அறிவீர்கள்.

முதலில் தமிழ்க் கோப்புகள் வெற்றுக் கட்டங்களாகத் தெரிந்தன. ஒரு தமிழ் ட்ரூடைப் எழுத்துருவை பிட்மேப் வடிவத்துக்கு மாற்றி, தமிழுக்குரிய 2944 முதல் 3071 வரையிலான யூனிகோடு எண்களை எழுத்துருக் கோப்பில் ஒரு வரியாகச் சேர்த்தேன். கட்டங்கள் மறைந்தன, ஆனால் ‘வெயில்’ என்ற சொல்லில் வகரம் முன்னும் கொம்பு பின்னுமாக நிற்கிறது, லகரத்தின் புள்ளி தலைமேல் ஏறாமல் பக்கத்தில் தனியே கிடக்கிறது. யூனிகோடு எண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறை பிறந்த வீட்டிலேயே தமிழ் இப்படிச் சிதைந்து தெரிவது மனத்துக்கு வருத்தமாக இருக்கிறது. என் எழுத்துருவில் பிழையா, இயங்குதளத்திலேயே குறையா?

மறுமொழி 1

எழுத்துருவில் பிழை இல்லை. பிளான் 9இன் வரைகலை நூலகம் ஓர் எண்ணுக்கு ஒரு வடிவம் என்ற கணக்கில் இடமிருந்து வலமாக அடுக்கிக்கொண்டே போகும். எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கும் அடுக்கு அதில் இல்லை. யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது என்பதால், திரையிலும் பின்னாலேயே வருகிறது. கொம்புகளை முன்னால் நகர்த்தித் தரும் ஒரு சிறு வடிகட்டியை எழுதி, கோப்பை அதன் வழியாகக் காட்டிப் பாருங்கள்.

கேட்டவர்

நன்றி ஐயா. எழுதிப் பார்த்தேன். எகர, ஏகார, ஐகார வரிசைகள் சரியாகிவிட்டன. ஒகர வரிசையைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்தபின் அதுவும் சரியானது. ஆனால் ‘குடம்’, ‘பூ’, ‘நூல்’ ஆகிய சொற்களில் உகர, ஊகாரக் குறிகள் மெய்யோடு ஒட்டாமல் தனித்து நிற்கின்றன. புள்ளியும் இறங்கிய இடத்திலேயே இருக்கிறது.

மறுமொழி 2

வரிசை மாற்றம் பாதி வழிதான். உகர, ஊகார வரிசைகளில் கு, ஙு, சு, டு, து என மெய்க்கு ஏற்ப வடிவமே மாறுவதால், நகர்த்தி ஒட்டுவதால் மட்டும் அவை கிடைக்கமாட்டா. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம் வேண்டும்.

அதற்கான வழி நம்மிடமே இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடுடன் சேர்த்துத் தரமாக அறிவித்த டேஸ்16 குறியேற்றத்தில், மெய்க்கும் உயிர்மெய்க்கும் தனித்தனி எண் உண்டு. அவரவர் பயனுக்கென்று யூனிகோடு விட்டுவைத்திருக்கும் தனிப்பயன் பகுதியில் அவை அமைந்திருப்பதால் பிளான் 9இன் யூடிஎஃப்-8க்கு எந்த இடைஞ்சலும் இல்லை. மற்றத் தளங்களில் யூனிகோடு போதுமானது என்பதால் டேஸ்16 அதிகம் புழங்கவில்லை. ஓர் எண்ணுக்கு ஒரு வடிவம் என்று நிற்கும் இந்தத் தளத்துக்கோ அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது.

மாற்றுவதும் எளிய கணக்குதான். க் என்பதன் எண் பதின்மத்தில் 57872, இகரத்தின் எண் 57859. இரண்டையும் கூட்டி 57856ஐக் கழித்தால் 57875, அதுவே கி. வடிகட்டி, மெய்யையும் அதைத் தொடரும் குறியையும் பார்த்து இந்தக் கூட்டலைச் செய்தால் போதும். டேஸ்16 வடிவங்கள் உள்ள எழுத்துருவை எடுத்துக்கொண்டு, 57600 முதல் 58367 வரையிலான எண்களை உங்கள் எழுத்துருக் கோப்பில் இன்னொரு வரியாகச் சேருங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். சில கோப்புகளில் ‘கொ’ என்பது க, கொம்பு, கால் என மூன்று எண்களாக இருக்கும். சிலவற்றில் க, ஒகரக் குறி என இரண்டாக இருக்கும். 9ஃப்ரன்டின் சி நூலகத்தில் அண்மை ஆண்டுகளில், இப்படி வெவ்வேறாக எழுதப்பட்டவற்றை ஒரே வடிவாக்கும் யூனிகோடு இயல்பாக்கச் சார்புகளைக் குழுவினர் சேர்த்திருக்கிறார்கள். முதலில் அவற்றைக் கொண்டு சேர்த்தெழுதிவிட்டு, பிறகு மாற்றுங்கள். தமிழை நினைத்துச் செய்த பணி அன்று என்றாலும், நமக்கு அது பெரிய உதவி.

மறுமொழி 3

முன்னவர் சொன்னதோடு ஓர் எச்சரிக்கை. ஆக்மி உரைத்தொகுப்பியில் உரையை வடிகட்டியின் வழியே மாற்றிவிட்டுக் கைதவறிச் சேமித்தால், மூலக் கோப்பே டேஸ்16 ஆகிவிடும்; பிறகு டேஸ்16 எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும் அதைப் படிக்க முடியாது. படிக்கும்போது டேஸ்16ஆகவும், எழுதும்போது யூனிகோடாகவும் மாற்றித் தரும் ஒரு கோப்புச் சேவையகத்தை, பிளான் 9இன் கோப்புப் பரிமாற்ற நெறிமுறையான 9பியில் எழுதி, தேவைப்படும் சாளரத்தில் மட்டும் அதை ஏற்றிக்கொள்ளுங்கள். சாளர அமைப்பான ரியோவில் ஒவ்வொரு சாளரத்துக்கும் தனிப் பெயர்வெளி, அதாவது எந்தக் கோப்பு எங்கே தெரியும் என்ற தனி அமைப்பு, உண்டு என்பதால், பக்கத்துச் சாளரத்தில் அதே கோப்பு மாறாத யூனிகோடாகவே தெரியும்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வார மாலைகளில் சேவையகத்தை எழுதி முடித்தேன். முதல் வடிவில், நீண்ட கோப்புகளின் நடுவில் ஓர் எழுத்து மட்டும் உடைந்து வந்தது. தேடிப் பார்த்ததில், உரையை நான் 8192 பைட்டுகள் கொண்ட துண்டுகளாக வாங்கி, துண்டு துண்டாக மாற்றியதே காரணம் என்று தெரிந்தது. தமிழ் எழுத்தின் ஒவ்வோர் எண்ணும் மூன்று பைட்டு என்பதால், துண்டின் விளிம்பில் ஓர் எழுத்து இரண்டாகப் பிளந்துவிடுகிறது. மேலும், ‘கி’ மூலத்தில் ஆறு பைட்டு, மாற்றியபின் மூன்று. ஆகவே கோப்பின் இடக்கணக்கும் பொருந்தாது. இப்போது கோப்பைத் திறக்கும்போதே முழுவதையும் நினைவகத்தில் மாற்றி வைத்து, மூடும்போது திருப்பி எழுதுகிறேன்.

‘வெயில்’, ‘குடம்’, ‘பூ’ மூன்றும் ஆக்மியில் சரியாகத் தெரிகின்றன. ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சியிருக்கிறது: மூன்று எண்களாக இருந்த ‘கொ’ திருப்பி எழுதும்போது இரண்டாகிவிடுவதால், நான் தொடாத வரிகளையும், கோப்பு மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் மாறியவையாகக் காட்டுகிறது.

மறுமொழி 2

திறக்கும்போது ஒவ்வொரு வரியின் மூல வடிவத்தையும் உடன் வைத்திருங்கள். மூடும்போது, டேஸ்16 வடிவில் மாறாத வரிகளுக்கு அந்த மூலத்தையே அப்படியே எழுதிவிடலாம்.