பாகிஸ்தான் ஸ்குவாஷ் வீரர் ஜஹாங்கீர் கான்: ஆட்டக்காரர், பிறகு தலைவர். தெரிந்தவர்கள் பகிரலாம்

மஞ்சள்புள்ளி:
உலக ஓப்பன் பட்டம் 6 (1981–85, 1988), பிரிட்டிஷ் ஓப்பன் பட்டம் தொடர்ந்து 10 (1982–91). இந்தக் கணக்கு எல்லாருக்கும் மனப்பாடம். அதைத் தாங்கி நின்றது உடம்பு. குடலிறக்கத்தோடு பிறந்த பிள்ளை. ஓடியாடவே கூடாது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அவர்தான் பின்னாளில் காலையில் 9 மைல் நிதானமாக ஓடி, அடுத்து நேரம் குறித்துக் குறுவேக ஓட்டம் ஓடி, ஜிம்முக்குப் போய், கடைசியில் நீச்சல்குளத்தில் உடம்பைத் தணித்துக்கொண்டார். வாரத்தில் 5 நாள் இப்படி. 6-ம் நாள் ஆட்டம், 7-ம் நாள் ஓய்வு. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தருகிறவர்கள் அந்த ஓய்வு நாளை மட்டும் விட்டுவிடுகிறார்கள். கெண்டைக்காலும் முழங்காலும் கெடுவது அதனால்தான்.

பின்சுவர்:
1983 சிசெஸ்டர் இறுதியாட்டத்தைச் சேர்க்காமல் இந்தப் பேச்சு முடியாது. எகிப்தின் கமால் அவாத்தோடு 2 மணி 46 நிமிடம். முதல் கேம் மட்டும் 71 நிமிடம். அதை 9-10 என்று இழந்தார். பிறகு 9-5, 9-7, 9-2. பக்கச்சுவரை ஒட்டி ஆழமாக அடித்து, எதிராளியைக் கோர்ட் நடுவிலுள்ள டி-யிலிருந்து பின்மூலைக்கு இழுத்துக்கொண்டே இருந்தார். நான்காவது கேமில் அவாத்துக்குக் கால் நகரவில்லை.

அத்தனை நீளத்துக்கு விதியும் காரணம். அன்று சர்வ் போடுபவருக்கு மட்டுமே புள்ளி. மற்றவர் ரேலியை (பந்து மாறி மாறி அடிபடும் ஒரு சுற்றை) வென்றால் சர்வ் கைமாறும், ஸ்கோர் நகராது. டிவிக்கு இதுதான் தலைவலி. ஒவ்வொரு ரேலிக்கும் புள்ளி, 11-க்கு ஒரு கேம் என்ற முறை ஆண்கள் சுற்றுக்கு 2004-லும் உலக ஸ்குவாஷ் சம்மேளனத்துக்கு 2009-லும் வந்தது.

மூன்றாம் கோர்ட்:
நிர்வாகப் பக்கத்தைப் பலர் தவறாகச் சொல்கிறார்கள். 1998-ல் உலக சம்மேளனத் துணைத்தலைவர், 2002 முதல் 2008 வரை தலைவர். 2005 சிங்கப்பூரில், ஒலிம்பிக்கில் புது விளையாட்டுகளைச் சேர்க்க ஒலிம்பிக் கமிட்டி வாக்கெடுத்தபோது, ஸ்குவாஷ் மற்ற விளையாட்டுகளிடம் தோற்கவில்லை. கோல்ஃப், ரக்பி, ரோலர் விளையாட்டு மூன்றையும் தாண்டி, கராத்தேயோடு சேர்ந்து முன்னுக்கு வந்தது. அடுத்த படியில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஆதரவு 39, எதிர்ப்பு 63. எதிரே ஆளே இல்லாத ஆட்டம் அது. அந்த வரம்பைத் தாண்ட முடியவில்லை. அவர் காலத்திலேயே நடந்திருக்க வேண்டியது என்று இன்றும் மனம் ஆறவில்லை.

பின்சுவர்:
பந்து கேமராவில் தெரியாது என்ற குறையும் கூடவே வந்தது. 40 மி.மீ. பந்து, அந்த வேகம். அதற்குத்தான் கண்ணாடி கோர்ட்டும் வெள்ளைப் பந்தும். உள்ளே வெளிச்சம் பலமாகவும் வெளியே மங்கலாகவும் இருக்க வேண்டும். வெளிவிளக்கை ஏற்றிவிட்டால் வீரருக்குச் சுவருக்குப் பதில் கூட்டம் தெரியும், பந்து அதில் கரைந்துவிடும்.

மூன்றாம் கோர்ட்:
ஆமாம். 2009-ல் கோல்ஃப், ரக்பி, 2013-ல் மல்யுத்தம் ஒலிம்பிக்கில் இடம் பிடித்தன. ஸ்குவாஷுக்கு 2023 அக்டோபரில் மும்பைக் கூட்டத்தில்தான் லாஸ் ஏஞ்சலஸ் 2028 கிடைத்தது.