புதுப்பிப்பு: ஸ்கார்ம் எச்சரிக்கை தீர்ந்தது

ஸ்கார்ம் என்பது இணையவழிப் பாடமும் கற்றல் தளமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான தர விதிமுறை. தீயணைப்புப் பயிற்சிப் பாடத்தைக் கற்றல் தளத்தில் ஏற்றும்போது 'பதிப்பு பொருந்தவில்லை' என்ற எச்சரிக்கை வருவதாக முன்பு எழுதியிருந்தேன். இப்போது தீர்ந்துவிட்டது.

பாடத்தின் ஜிப் கோப்பைப் பிரித்து, உள்ளே இருந்த மேனிஃபெஸ்ட் கோப்பை (பாடத்தில் என்னென்ன கோப்புகள், எந்தப் பதிப்பு என்று சொல்லும் பட்டியல்) நோட்பேடில் திறந்தோம். ஸ்கார்ம் 2004, மூன்றாம் பதிப்பு என்று இருந்தது. எங்கள் தளம் ஏற்பதோ ஸ்கார்ம் 1.2 மட்டும். அந்த வரியைக் கையால் திருத்தினால் போதும் என்று சிலர் சொன்னீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பாடத்தின் உள்நிரல் 2004-இன் கட்டளைகளையே அழைத்துக்கொண்டிருக்கும். எச்சரிக்கை மறையும், மதிப்பெண் பதிவாகாது. பாடம் தயாரித்த மென்பொருளிலேயே 1.2-ஐத் தேர்ந்தெடுத்து மறுபடி வெளியிடுவதுதான் சரியான வழி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கற்பவர் விட்ட இடத்தைக் குறித்துவைக்க 1.2 தருவது 4096 எழுத்துகள்தான். நீளமான பாடத்தில் அது நிரம்பிவிட்டால், அடுத்த முறை முதல் பக்கத்திலிருந்தே தொடங்க நேரலாம். இரவுப் பணி முடித்துவந்து படிப்பவர்களை அப்படி அலைக்கழிக்க மனம் வரவில்லை. பாடத்தை இரண்டாகப் பிரித்துவிட்டோம்.

ஜிப் செய்யும்போது வெளிக் கோப்புறையைச் சேர்க்க வேண்டாம். மேனிஃபெஸ்ட் முதல் அடுக்கிலேயே இருக்க வேண்டும்.