மூளை ஸ்கேனில் மனச்சோர்வு தெரியுமா?

மலர்_திருச்சி:
தம்பிக்கு 24 வயது. எட்டு மாதமாக மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம் சாப்பிடுகிறான். "மூளையில செரட்டோனின்னு ஒரு ரசாயனம் குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான்" என்று டாக்டர் சொன்னபோது, அதுவரை அவனைக் கோயில் கோயிலாகக் கூட்டிக்கொண்டு அலைந்த அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. அப்புறம் எம்ஆர்ஐ எடுத்தோம், எல்லாம் நார்மல். அம்மா அந்த ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு குறை எங்கே இருக்கிறது என்று தேடுகிறார். தம்பியோ, "பாரு, எனக்கு ஒண்ணுமே இல்ல, நானாத்தான் இப்படிக் கெட்டுப்போயிருக்கேன்" என்று அழுகிறான். செரட்டோனின் கதையே பொய் என்று ஏதோ வீடியோ பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்தப்போவதாகவும் சொல்கிறான். எதை நம்புவது?

வார்டு_நர்ஸ்:
மலர், மாத்திரையைத் திடீரென்று நிறுத்த விடாதீர்கள். தலைசுற்றும், தூக்கம் கெடும், சிலருக்குத் தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி சுரீர் என்று இருக்கும். நிறுத்துவதானாலும் டாக்டரிடம் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். எம்ஆர்ஐ எடுப்பது கட்டி, ரத்தக்கசிவு மாதிரி எதுவும் இல்லை என்று உறுதிப்படுத்த. தைராய்டு பார்ப்பதும் அப்படித்தான். ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று காட்டும் ஸ்கேன் இன்னும் வரவில்லை. நார்மல் என்றால் அவன் நடிக்கிறான் என்று அர்த்தமே இல்லை.

நரம்பணு:
வீடியோவில் பாதி உண்மை இருக்கிறது. 2022 ஜூலையில் பிரிட்டன் மனநல மருத்துவர் ஜோஆனா மான்கிரீஃப் குழு பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்து, மனச்சோர்வில் செரட்டோனின் குறைகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று எழுதியது. மாத்திரை கேட்குமா கேட்காதா என்பது அந்தக் கட்டுரையின் கேள்வியே இல்லை. இந்தத் துறையில் மருந்துதான் முன்னால் வந்தது, விளக்கம் பின்னால் வந்தது. 1950களில் காசநோய்க்குக் கொடுத்த இப்ரோனியாசிட்டைச் சாப்பிட்டவர்கள் உற்சாகமானதைப் பார்த்துத்தான் மூளை ரசாயனக் கதையே சூடுபிடித்தது. அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் தலைவராக இருந்த தாமஸ் இன்செல் 2013இல், அறிகுறிப் பட்டியலை வைத்து நோயைப் பிரிப்பதை விட்டுவிட்டு மூளையின் நரம்புச் சுற்றுகளைப் பார்த்து ஆராய்வோம் என்றார். பதவியை விட்ட பிறகு, இத்தனை பணம் கொட்டியும் தற்கொலைகள் குறையவில்லையே என்று அவரே வருந்தினார். ஆனாலும் மூளை ஆராய்ச்சி வீண் என்று சொல்ல மாட்டேன். மனநோய் என்று வார்டில் சேர்த்த இளம்பெண்கள் சிலருக்கு, நோயை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்களே (ஆன்டிபாடி) மூளையைத் தாக்குவதை 2007இல் நரம்பியல் மருத்துவர் ஹோசெப் டால்மாவ் குழு கண்டுபிடித்தது. ஸ்டீராய்டு உள்ளிட்ட சிகிச்சையில் நிறையப் பேர் தேறினார்கள். அது எவ்வளவு பெரிய விஷயம்!

மாடிவீடு:
எனக்குப் பைபோலார் (அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்), 11 வருடமாக லித்தியம் மாத்திரை. சில மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். எண் வரும், ஆனால் அது மருந்தின் அளவு, என் நோயின் அளவு இல்லை. நோயை டாக்டர் இன்றும் என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார், எப்படித் தூங்கினேன், எவ்வளவு செலவு செய்தேன் என்று. மூளை நோய் என்ற வார்த்தை எங்கள் வீட்டிலும் பழியை நீக்கியது, நன்றாக இருந்தது. ஆனால் அதே வார்த்தையால்தான் "மூளையே கெட்டுப்போச்சு, இனி சரியாகாது" என்று அக்கா எனக்குப் பெண் பார்ப்பதையும் நிறுத்தினார். தம்பியிடம் ஸ்கேனைப் பற்றிப் பேசாதீர்கள். ராத்திரி எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது என்று கேளுங்கள்.

மலர்_திருச்சி:
கேட்டேன். மூன்று மணிக்காம், தினமும். எட்டு மாதத்தில் எங்களிடம் சொன்னதே இல்லை. மாத்திரையை வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கும்வரை நிறுத்த மாட்டேன் என்றிருக்கிறான்.