சாவிக்கு வயசு பல்லில்

கார்த்தி: [படம்] [படம்]
இந்த இரும்புச் சாவி எந்தக் காலத்துது? நீளம் 13.5 செ.மீ., எடை 95 கிராம். தலையில மூணு இதழ் வச்ச சித்திர வேலை. கழுத்துல 1643-னு குத்தியிருக்கு. அதானே வருஷம்?

சுந்தரம் மாமா: இருக்காதுப்பா. சாவியில வருஷம் போடுறது அபூர்வம். எண் இருந்தா பெரும்பாலும் பூட்டு எண், இல்லேன்னா அறை எண்.

சுந்தரம் மாமா: மாட்டுக்குப் பார்க்கிற மாதிரி இதுக்கும் பல்லைத்தான், அதாவது நுனியில பூட்டுக்குள்ள சுத்துற பாகத்தைத்தான் பாக்கணும். தலை ஏமாத்தும். மூணு இதழ் தலை ஐரோப்பாவோட 14, 15ஆம் நூற்றாண்டு கோதிக் சாவிகள்லயும் உண்டு. 19ஆம் நூற்றாண்டுல கோதிக் பாணி திரும்ப வந்தப்போ அதே வடிவத்தை மறுபடி செஞ்சாங்க. இன்னைக்கும் அலங்காரத்துக்கு வார்த்து விக்கிறாங்க.

சுதா: கார்த்தி, பல்லை ரெண்டு கோணத்துல எடு. ஒண்ணு பக்கவாட்டுல, இன்னொண்ணு தண்டோட நுனி கேமராவைப் பார்க்கிற மாதிரி. வெள்ளைத் தாள் மேல வை, பக்கத்துல ஸ்கேல். ஃபிளாஷ் வேண்டாம். டார்ச்சை ஒரு ஓரத்துலேர்ந்து நல்லா சாய்ச்சு அடி. அரம் போட்ட கீறலும், வார்ப்புன்னா ரெண்டு அச்சு சேர்ந்த அச்சுக் கோடும் நிழல்லதான் தெரியும்.

கார்த்தி: [படம்] [படம்]
நுனி கெட்டி, ஓட்டை இல்ல. பல் 24 × 20 மி.மீ. விளிம்புல ஏழு படி.

சுந்தரம் மாமா: நுனி கெட்டின்னா ரெண்டு பக்கத்துலேர்ந்தும் போடலாம், கதவுச் சாவி. நுனியில ஓட்டை இருந்தா குழல் சாவி, அது பூட்டுக்குள்ள இருக்கிற முளையில மாட்டிச் சுத்தும், அதனால ஒரு பக்கம்தான். பெட்டி, அலமாரி, இழுப்பறைக்கு அது. குழலா இருந்தா இன்னொரு துப்பும் கிடைக்கும். தகட்டைச் சுருட்டிப் பத்த வச்சதுன்னா நீளவாக்குல மூட்டு தெரியும். துளை போட்டதுன்னா தெரியாது.

சுந்தரம் மாமா: இப்ப படிக்கு வா. ரொம்பப் பழைய பூட்டுல உள்ள அசையாத தடுப்புத் தகடுதான் காவல். அதுல இடிக்காம சுத்துறதுக்காகப் பல்லுக்குள்ள பிளவு, சிலுவைன்னு வெட்டு இருக்கும். உன் சாவியில அப்படி வெட்டே இல்ல, விளிம்புல ஏத்த இறக்கமா படி மட்டும். அது லீவர் பூட்டு, அதாவது உள்ள மேல எழும்புற தகடுகள் (லீவர்) வச்சது. ஒவ்வொரு படியும் ஒரு லீவரைக் கச்சிதமான உயரத்துக்குத் தூக்கணும். குறைஞ்சாலும் திறக்காது, கூடினாலும் திறக்காது. இங்கிலாந்துல ராபர்ட் பாரன் இதுக்குக் காப்புரிமை வாங்கினது 1778. ஜெரமையா சப் இன்னும் கெட்டியாக்கினது 1818. இதுல 1643 எங்க நிக்கும்?

கார்த்தி: 😅 சரி மாமா

சுதா: ஏழு படியையும் நடுவுலேர்ந்து எண்ணிப் பாரு. ரெண்டு பக்கமும் ஒரே வரிசை. வெளியிலேர்ந்து போட்டாலும் உள்ளேர்ந்து போட்டாலும் அதே லீவர் அதே உயரத்துக்கு எழும்பணும்ல, அதுக்குத்தான். இந்த மாதிரி சாவியில நடுப்படி மட்டும் வழக்கமா லீவரைத் தூக்காது, பூட்டோட நாக்கைத் தள்ளும். பாரம் முழுக்க அதுலதான் விழும். அதோட மூலை தேஞ்சிருக்கா?

பானு அத்தை: இவ்ளோ துரு இருக்கே, வினிகர்ல ஊறப் போட்டா பளபளன்னு ஆயிடாதா?

சுதா: வேண்டவே வேண்டாம் அத்தை! அமிலம் துருவோட நிக்காது, அடியில இருக்கிற இரும்பையும் அரிக்கும். அரக் கீறல், அச்சுக் கோடு, குத்தின எண், எல்லாத் தடயமும் மங்கிடும். துருக்குழிக்குள்ள தங்கினது சீக்கிரமே புதுத் துருவைக் கிளப்பும். கம்பி பிரஷ்ஷும் கூடாது. பழைய டூத்பிரஷ்ஷால காய வச்சே தேய்ங்க, இடுக்குக்கு மரக்குச்சி. தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு, ஒரு ராத்திரி விட்டுத் துணியால துடைச்சா போதும். சமையல் எண்ணெய் பிசுபிசுன்னு ஒட்டிக்கும். கருப்பா, பழுப்பா இறுகின துருவை அப்படியே விட்டுடலாம். ஆனா மண்ணுலேர்ந்து எடுத்த சாவின்னா கதை வேற. ஆரஞ்சு நிறத்துல ஈரத்துளி கசிஞ்சு செதில் செதிலா உரிஞ்சா உள்ள உப்பு இருக்குன்னு அர்த்தம். எண்ணெய் விடாம, சிலிக்கா ஜெல்லோட காத்துப் புகாத டப்பாவுல வைக்கணும்.

கார்த்தி: நடுப்படியோட ரெண்டு மூலையும் மழுங்கியிருக்கு. மத்த படியெல்லாம் கூர்மை. தலையோட உள் வளைவும் ஒரு இடத்துல மெலிஞ்சிருக்கு.

சுதா: வளையத்துல தொங்கின தேய்மானம் அது. நல்ல அடையாளம். புதுசா வார்த்துப் பழசுன்னு விக்கிறதுல எல்லா மூலையும் ஒரே மாதிரி மழுங்கியிருக்கும். துருவும் குழியே இல்லாம ஒரே ஆரஞ்சா பூசின மாதிரி இருக்கும்.

சுந்தரம் மாமா: இதழ் ஓட்டைக்குள்ள 10 மடங்கு லென்ஸ் வச்சுப் பாரு.

கார்த்தி: நடுவுல மெல்லிசா ஒரு கோடு சுத்தி ஓடுது. வெளி விளிம்புல அது இல்ல.

சுந்தரம் மாமா: ரெண்டு அச்சும் சேர்ந்த கோடு, அதனால வார்ப்பு. வெளிய அரத்தால எடுத்துட்டாங்க, ஓட்டைக்குள்ள அரம் நுழையல. சம்மட்டியால அடிச்சுச் செஞ்சதுன்னா கோடும் இருக்காது, மூணு இதழும் இவ்ளோ ஒத்தும் போகாது. சும்மா வார்ப்பிரும்புன்னா முறுக்கும்போது ஒடியும். அதான் வார்த்ததை உலையில நாள்கணக்கா சூட்டுல வச்சு நொறுங்காத இரும்பா மாத்துவாங்க. 19ஆம் நூற்றாண்டுல பெருகின தொழில் அது.

சுந்தரம் மாமா: பல், வார்ப்பு, தேய்மானம் மூணையும் சேர்த்தா என் கணக்கு 1840–1910. இப்ப நாம வச்சிருக்கிற மாதிரி தட்டைச் சாவியை அமெரிக்காக்காரர் லைனஸ் யேல் 1860-கள்லயே கொண்டு வந்துட்டார், ஆனா இந்த வகை உடனே ஒழியல. அதனால மேல் எல்லையை இறுக்கிப் பிடிக்காதே.

சுதா: எண் பக்கத்துல செஞ்சவங்க முத்திரை இருக்கலாம். மெல்லிசான தாளைச் சுத்தி, பென்சிலைப் படுக்க வச்சு லேசா தேய்.

கார்த்தி: [படம்]
எண்ணுக்கு இடப்பக்கம் சின்ன வட்டம், உள்ள பாதி எழுத்து.

சுந்தரம் மாமா: ஊசியால சுரண்டிடாதே! அந்த இடத்தை மட்டும் கிட்டத்துல எடுத்துப் போடு, எங்கே செஞ்சதுன்னு அதை வச்சுத் தேடலாம். சாவியோட வைக்கிற குறிப்பு அட்டையில ‘எண் 1643’னு எழுது. ‘கி.பி.’ன்னு போட்டுடாதே.