அம்மா அடுப்படிக்கு ஆறு இஞ்சு ஓட்டை

குழு: ஜாலான் 4 சொந்தங்கள், சுங்கை சிப்புட், மலேசியா

வெள்ளிக்கிழமை

குமார், இரவு 8:41
எல்லோருக்கும் வணக்கம். அம்மா அடுப்படிக்கு ஹூட் வாங்கியாச்சு. புகை வெளியே போக 6 இஞ்சு ஓட்டை வேண்டும். வீட்டில் இருக்கிற ஹேமர் டிரில்லில் டைமண்ட் கோர் பிட் (வட்டமாக வெட்டுகிற, குழாய் மாதிரி பிட்) மாட்டினால் போதுமா? ஹார்ட்வேர் கடையில் 152 எம்எம் பிட் பார்த்து வைத்திருக்கிறேன்.

சிவா மாமா, இரவு 8:44
வேண்டாம்.

சிவா மாமா, இரவு 8:44
பிட்டுக்குக் காசு கட்டிவிட்டாயா?

குமார், இரவு 8:45
இன்னும் இல்லை மாமா.

லெட்சுமி அத்தை, இரவு 8:46
டைமண்டா? உண்மையான வைரமா? அண்ணி, வேலை முடிந்ததும் அந்தப் பிட்டை என்னிடம் கொடுங்கள், தோடு செய்துகொள்கிறேன் 😂

குமார், இரவு 8:47
அத்தை, இது மெஷினில் செய்த வைரம். 1954லேயே அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள். பிட்டில் இருப்பது மணல் மாதிரிப் பொடி.

லெட்சுமி அத்தை, இரவு 8:47
அப்படியென்றால் வேண்டாம்.

சிவா மாமா, இரவு 8:55
குமார், கேள். உன் டிரில்லின் ஸ்டிக்கரைப் பார். நிமிடத்துக்கு 2800 சுற்று என்று போட்டிருக்கும். அது 6 எம்எம், 8 எம்எம் ஓட்டைக்கான வேகம். கோர் பெரிதாகப் பெரிதாக வேகம் குறைய வேண்டும். 152க்கு ஆயிரத்துக்குள் இருந்தால்தான் நல்லது. வேகத்தைக்கூட விடு. உன் டிரில்லில் கிளட்ச் கிடையாது.

குமார், இரவு 8:56
கிளட்ச் காடியில்தானே இருக்கும் 😅

சிவா மாமா, இரவு 9:02
சிரிக்காதே. சின்ன பிட் சுவரில் மாட்டிக்கொண்டால் கையால் பிடித்துவிடலாம். 6 இஞ்சு பிட் மாட்டிக்கொண்டால் பிட் நின்றுவிடும், டிரில் உடம்பு சுற்றும். அதைப் பிடித்திருக்கிற உன் கையும் கூடவே சுற்றும். ஏர்கோன் வேலைக்குப் போன காலத்தில் கோலகங்சாரில் ஒரு வீட்டில் இப்படித்தான் கிளட்ச் இல்லாத டிரில்லில் கோர் போட்டேன். மணிக்கட்டு திரும்பிவிட்டது. இன்றும் தோசையைத் திருப்ப எனக்கு இடது கைதான். கிளட்ச் இருந்தால் பிட் சுவரில் சிக்கிய நொடியில் கர்ரென்று வழுக்கிவிடும். அந்தச் சத்தம் கேட்டால் உடனே சுவிட்சை விட்டுவிடு. வழுக்க விட்டுக்கொண்டே நின்றால் கிளட்ச் கருகும்.

அம்மா, இரவு 9:03
குமாரு நீ ஓட்டையே போட வேண்டாம். நான் சன்னலைத் திறந்து வைத்தே சமைத்துக்கொள்கிறேன்.

ராணி அக்கா (பக்கத்து வீடு), இரவு 9:04
ஐயோ, போடட்டும் அக்கா! நீங்கள் மிளகாய் வதக்கினால் சன்னல் வழியாக எங்கள் வரவேற்பறைக்குத்தான் வருகிறது.

குமார், இரவு 9:06
மாமா, அப்போது என்ன டிரில் வாங்குவது?

சிவா மாமா, இரவு 9:10
ஒரே ஒரு ஓட்டைக்கு வாங்காதே. ஈப்போவில் வாடகைக்குக் கொடுக்கிறார்கள், நாளைக்கு நான் எடுத்து வருகிறேன். டைமண்ட் கோர் டிரில் என்றே தனியாக இருக்கிறது. ஹேமர் அடிக்காது, சுற்ற மட்டும் செய்யும். அதுதான் வேண்டும். பிட்டின் வாயில் வைரப் பல்லை வெல்டிங்கில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஹேமரில் அடித்தால் பல் உதிர்ந்துவிடும்.

சிவா மாமா, இரவு 9:11
அதற்கு முன்னால் சுவர் என்ன சுவர் என்று பார். ஓட்டை வரப்போகிற இடத்தின் நடுவில் 6 எம்எம்மில் துளை போட்டு, விழுகிற தூளைப் படம் எடுத்து அனுப்பு. பக்கத்தில் சுவிட்ச், தண்ணீர்க் குழாய் இருக்கிறதா, மேலே பீம் எங்கே ஓடுகிறது, எல்லாம் பார். பீமிலும் தூணிலும் கை வைக்கக் கூடாது.

குமார், இரவு 9:38
[படம்]
முதலில் சாம்பல், அப்புறம் முழுக்கச் சிவப்பு. சுவர் பூச்சோடு சேர்த்து 6 இஞ்சு கிட்ட வருகிறது. டைல்ஸ் முடிகிற இடத்துக்கு மேல்தான் ஓட்டை. பீம் ஒரு முழம் தள்ளி இருக்கிறது.

சிவா மாமா, இரவு 9:40
செங்கல். தப்பித்தாய்.

ராணி அக்கா, இரவு 9:43
என் தங்கை வீட்டில் இதே மாதிரிதான் ஆரம்பித்தார்கள். புது தாமான் (குடியிருப்பு), சுவர் முழுக்கக் கொங்கிரீட் ஊற்றிக் கட்டியது. அரை மணி நேரம் போட்டும் விரல் ஆழம்கூட இறங்கவில்லையாம். பிட் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகிவிட்டதாம்.

சிவா மாமா, இரவு 9:49
கம்பி போட்ட கொங்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றிப் போடுகிற பிட் வேறு, அதைத் தாங்கும் ஸ்டாண்டும் வேண்டும். அவர்கள் போட்டது செங்கலுக்கான காய்ந்த பிட். பிட்டின் பல்லில் வைரப்பொடியைப் பிடித்திருப்பது உலோகம். சுவர் சொரசொரப்பாக இருந்தால் அந்த உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், உள்ளே இருக்கிற புது வைரம் வெளியே வரும். சுவர் ரொம்பக் கடினமாக இருந்தால் உலோகம் தேயாது, மேலே இருக்கிற வைரம் மட்டும் மழுங்கிப்போகும். அதுதான் அந்தப் பளபளப்பு. தூக்கிப் போட வேண்டாம் என்று சொல். மணல் அதிகம் உள்ள சிமெண்ட் கல்லில் கொஞ்ச நேரம் ஓட்டினால் திரும்ப வெட்டும்.

அம்மா, இரவு 9:52
நாங்கள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுக் கத்தியைத் தினமும் கல்லில் தீட்டுவோமே, அது மாதிரியா?

சிவா மாமா, இரவு 9:53
அதேதான் அக்கா. கத்தியை நீங்கள் தீட்டினீர்கள், இதைச் சுவரே தீட்டிக்கொடுக்கும்.

குமார், இரவு 9:55
ஹூட்டிலிருந்து வருவது அலுமினிய டக்ட். அதற்குப் பதில் 6 இஞ்சு பிவிசி பைப் வைக்கலாமா?

சிவா மாமா, இரவு 9:56
வைத்தால் இந்த ஓட்டையில் நுழையாது. 6 இஞ்சு என்பது பைப்பின் பெயர். வெளிப்பக்கம் அளந்தால் 168 எம்எம் வரும். டக்டையே வை. அதையும் டேப் வைத்து அளந்துவிட்டு எனக்குச் சொல்.

சனிக்கிழமை

சிவா மாமா, மதியம் 2:15
வந்துகொண்டிருக்கிறேன். ஏணி வேண்டாம், டிரில் உதைத்தால் ஏணியோடு விழுவாய். இரண்டு ஸ்டூல் மேல் அகலமான பலகை போட்டு, ஆடாமல் இருக்கிறதா என்று ஏறிப் பார். என்-95 மாஸ்க் இருக்கிறதா? செங்கல் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்ப வெளியே வராது. கைக்குட்டை கட்டிக்கொண்டு நிற்காதே.

ராணி அக்கா, மதியம் 2:17
துணி எல்லாம் எடுத்துவிட்டேன். மோர் மிளகாயும் எடுத்துவிட்டேன். ஆரம்பியுங்கள்.

குமார், மதியம் 3:05
[படம்]
நடுத்துளை போட்டாச்சு. சுவரின் அந்தப் பக்கம் வந்துவிட்டது. மாமா வெளிப்பக்கம் அரை சென்டி தாழ்வாக வரும்படி பிடிக்கச் சொன்னார், இல்லையென்றால் மழைத்தண்ணீர் அடுப்படிக்குள் வருமாம்.

லெட்சுமி அத்தை, மதியம் 3:20
என்ன ஆச்சு, சத்தமே காணோம்?

குமார், மதியம் 3:31
கோரின் நடுவில் வழிகாட்டுகிற சின்ன பிட்டை வைத்து ஒரு சென்டி ஆழம் வட்டம் விழுந்ததும் அதைக் கழற்றிவிட்டோம். இனி அந்தப் பள்ளமே கோரைப் பிடித்துக்கொள்ளுமாம். அழுத்தாமல் விட்டால் தானாக இறங்குகிறது. அடிக்கடி வெளியே இழுத்துத் தூளைக் கொட்டச் சொல்கிறார். அம்மா பழைய கைலியை நனைத்து அடுப்பு மேல் போட்டுவிட்டார்கள்.

குமார், மதியம் 3:48
கர்ர்ர்ர்!! கிளட்ச் வேலை செய்கிறது 😳

அம்மா, மதியம் 3:48
குமாரு!

குமார், மதியம் 3:50
ஒன்றும் இல்லை அம்மா. ஒரு செங்கல் துண்டு உடைந்து பிட்டுக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாமா பிட்டைக் கையால் ஆட்டி ஆட்டி எடுத்தார். டிரில்லைப் போட்டு இழுத்திருந்தால் பல் போயிருக்கும் என்கிறார்.

சிவா மாமா, மதியம் 4:02
பாதிச் சுவர் இங்கிருந்து, மீதி வெளியிலிருந்து. ஒரே பக்கமாகக் குத்திக்கொண்டு போனால் அந்தப் பக்கத்துப் பூச்சு தட்டு அகலத்துக்குப் பெயர்ந்துவிடும். பலகையை வெளியே கொண்டுபோகிறோம்.

குமார், மாலை 4:36
[படம்]
[படம்]
முடிந்தது! செங்கல் கட்டி இரண்டு துண்டாக வந்தது. ஓட்டை சுத்தமான வட்டம். கீழ்ப்பக்கம் மட்டும் பூச்சு கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது, அது என் அவசரம். கவர் வைத்தால் மறைந்துவிடும்.

ராணி அக்கா, மாலை 4:40
வெளிப்பக்கம் வலை மறக்காமல் போடுங்கள். எங்கள் வீட்டு ஏர்கோன் ஓட்டையில் மைனா கூடு கட்டிக் குஞ்சு பொரித்துப் பறந்துபோகிற வரை நாங்கள் ஏர்கோன் போடவில்லை.

அம்மா, மாலை 4:44
இந்தக் கல் கட்டி இரண்டையும் யாரும் தூக்கிப் போடாதீர்கள். பின்கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருக்கிறது.

சிவா மாமா, மாலை 4:45
சிலிக்கோன் நாளைக்கு அடிக்கலாம். டிரில்லை 6 மணிக்குள் ஈப்போவில் கொடுக்காவிட்டால் இன்னொரு நாள் வாடகை. குமார், உன் காடியில் எண்ணெய் இருக்கிறதா?

குமார், மாலை 4:46
சிவப்பு லைட் எரிகிறது மாமா.