ஹெட்ஸ்பேஸ்: ‘தலைவெளி’ வேண்டாம், ‘அமர்வளவு’ சரியாக வரும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

உரிமம் உள்ள ஆர்வலர்களுக்கான ரைபிள் பொருத்தும் வகுப்புக்கான தமிழ்ச் சொற்களில் குழல் (பேரல்), அறை (தோட்டா அமரும் சேம்பர்), விசை (டிரிகர்), தாழ் (அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்) ஆகியவை முடிந்துவிட்டன. குழலுக்குள் சுருளாக ஓடும் பள்ளங்களான புரிக்கு (ரைஃப்லிங்) வலச்சுற்று, இடச்சுற்று என்பதும் நன்றாக இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் ரைபிளான லீ-என்ஃபீல்டின் குழல் இடச்சுற்று என்றால் மாணவருக்கு உடனே புரியும்.

ஹெட்ஸ்பேஸுக்கு ‘தலைவெளி’ என்று முந்தைய மடலில் வந்த பரிந்துரையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ‘வெளி’ என்றால் காலியிடம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இது காலியிடம் அல்ல. பூட்டிய தாழின் முகத்திலிருந்து, அறைக்குள் தோட்டாவைத் தாங்கி நிறுத்தும் இடம் வரை உள்ள தூரம். .303 பிரிட்டிஷ் தோட்டாவை அதன் அடியில் துருத்தும் விளிம்பு நிறுத்தும், .308 வின்செஸ்டரை அதன் தோள், அதாவது கூடு கழுத்தை நோக்கிக் குறுகும் சரிவு, நிறுத்தும். தோட்டா அமர்ந்த பின் அதன் அடிக்கும் தாழுக்கும் நடுவே மிஞ்சும் இடுக்கு வேறு அளவு. அதற்குத்தான் ‘அடியிடைவெளி’ என்ற சொல் தேவை. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பினால் வகுப்பில் ஆபத்து. தூரம் மிகுந்தால் சுடும்போது பித்தளைக் கூடு நீண்டு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே அறுந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகம் பக்கம் திரும்பக்கூடும். ஆகவே ஹெட்ஸ்பேஸுக்கு ‘அமர்வளவு’ என்கிறேன்: தோட்டா அமர அறை தரும் அளவு.

அப்புறம், அளவிகள்: இந்தத் தூரத்தைச் சோதிக்கும் கோ, நோ-கோ என்ற இரண்டு கேஜுகள். ‘புகும் அளவி, புகா அளவி’ துளை பார்க்கும் கேஜுக்குப் பொருந்தும், இங்கே பொருந்தாது. கோ கேஜின்மேல் தாழ் பூட்ட வேண்டும். நோ-கோ கேஜும் அறைக்குள் புகத்தான் செய்யும், அதன்மேல் தாழ் பூட்டக் கூடாது, அவ்வளவுதான். .308-இல் இந்த இரண்டு கேஜுக்கும் உள்ள வித்தியாசம் பொதுவாக 0.004 அங்குலம், ஒரு தாளின் தடிமன். இதைக் கண் காட்டாது, கைதான் சொல்லும். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதி செய்து, தாழிலிருந்து சுடும் ஊசியைக் கழற்றிவிட்டு, கைப்பிடியை இரண்டு விரலால் மெல்ல இறக்க வேண்டும். எங்கே நிற்கிறதோ அதுதான் பதில். முழுக்கையால் அழுத்தினால் தாழின் நெம்புவிசையே கேஜை நெருக்கிப் பூட்டிக்கொள்ளும், சோதனை பொய்யாகிவிடும்.

‘பூட்டும் அளவி, பூட்டா அளவி’ என்று முதலில் யோசித்தேன். பொருள் சரி, ஆனால் பட்டறைச் சத்தத்தில் இரண்டும் ஒன்றாகவே காதில் விழும். கோ கேஜுக்கு ‘பூட்டளவி’, நோ-கோ கேஜுக்கு ‘தடையளவி’ என்றால் தொடக்க எழுத்தே வேறு. ஆசிரியர் “தடையளவியில் தாழ் பூட்டிவிட்டது” என்றால், அந்தத் துப்பாக்கியைச் சுடாமல் ஓரமாக வைத்து, குழலையும் தாழையும் தேர்ந்த துப்பாக்கி வினைஞரிடம் காட்ட வேண்டும் என்று எல்லாருக்கும் விளங்கும்.

மூன்றாவதாக ‘ஃபீல்டு கேஜ்’ ஒன்று இருக்கிறது. புழங்கித் தேய்ந்த துப்பாக்கியை இன்னும் சுடலாமா என்று பார்ப்பது அது. ‘தேய்வளவி’ போதுமா? துப்பாக்கிப் பட்டறையில் வேலை செய்தவர்கள் கருத்துச் சொல்லுங்கள்.